ஆலப்புழைக்குக் கொண்டு சென்ற சீர்

ஆலப்புழையில் காணத்தக்க இடங்கள் இன்னின்னவை என்று, காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையை விட்டு நாங்கள் புறப்படும் முன்பே என் மனைவியின் தம்பி தயாளன் ஒப்பித்துவிட்டான். கடற்கரை, இரும்புப் பாலம், பாதிப் புத்தர், படகு வீடு என்று அவனுடைய கைப்பேசியில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எனக்குக் காண வேண்டிய இடம் ஒன்றே. அது என் தங்கை வசந்தாவின் வீட்டு வாசல். புதன்கிழமை மாலை அந்த வாசலில் நான் சீர்த்தட்டோடு நிற்க வேண்டும். இந்த எளிய செய்தியை ஒரு மனிதனுக்குப் புரிய வைக்க இயலாமல் அந்த ஊரில் நான் பட்ட பாட்டையே இங்கு எழுதுகிறேன். எழுதும் இந்நேரத்திலும் என் கோபம் அடங்கியதாகச் சொல்வதற்கில்லை.

வசந்தா சென்னையில் செவிலியராக வேலை பார்த்தபோது, அங்கேயே பணியிலிருந்த சசிதரன் என்னும் மலையாளத்து இளைஞரை விரும்பினாள். இரு வீட்டாரும் மனமொப்பிக் காஞ்சிபுரத்தில் திருமணம் நடந்தது. பிறகு அவர்கள் ஆலப்புழையை ஒட்டிய குட்டநாட்டுத் தீவு ஒன்றில் குடியேறினார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளே குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள் ஆதலால், நாங்கள் அங்கே போக நேரவில்லை. இப்போது அவள் மகளுக்குத் திருமணம். எங்கள் பெற்றோர் இன்று இல்லை. பிறந்த வீடு என்று அவள் சுட்டிக்காட்ட நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

நிச்சயதார்த்தத்தின்போது எனக்குக் கண் அறுவை செய்திருந்தார்கள், போக இயலவில்லை. அன்று கூட்டத்தின் நடுவே சசிதரனின் அக்காள், "இவள் பக்கத்தில் வந்து நிற்க ஒருவரும் இல்லையா?" என்று கேட்டாராம். மறுநாள் வசந்தா என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். அவள் குரல் தழுதழுக்கவில்லை. கோபமாகத்தான் இருந்தது.

"அண்ணா, பட்டு வாங்கு, வாங்காத போ. கல்யாணத்துக்கு மொத நாளு சாயங்காலம் அவங்க சனம் மொத்தமும் இங்க கூடும். அத்தினி பேரும் பாக்கத் தட்டு தூக்கிக்கினு நீ வந்து நிக்கணும். அவ்ளோதான்."

நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சீர் கொண்டு போவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கொண்டு செல்பவன் முன்கூட்டியே வெறுங்கையோடு அந்த வீட்டுக்குள் நுழைந்து, உண்டு உறங்கிவிட்டு, அதன் பிறகு பெட்டியைத் திறந்து தட்டை நீட்டலாகாது. அவன் தெருமுனையில் நிற்க வேண்டும். வீட்டார் மேளத்தோடு எதிர்கொண்டு வந்து, ஆரத்தி சுற்ற வேண்டும். முதல் தட்டை உடன்பிறந்தவள் தன் கையால் வாங்கிய பிறகே அவன் வாசற்படியை மிதிக்கலாம். புழக்கடை வழியாகச் சீர் நுழைந்தால், அது கொடுத்தவனுக்கும் வாங்கியவளுக்கும் ஒருங்கே அவமானம்.

செவ்வாய்க்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்பலாகாது என்று என் மனைவி ராணி பிடிவாதம் பிடித்ததால் திங்களன்றே புறப்பட்டோம். செவ்வாய் காலை ஆலப்புழையில் இறங்கியாயிற்று. சீர் கொடுப்பது புதன் மாலை. அதற்கு முன் தங்கை வீட்டுக்குப் போகவும் முடியாது. ஆகவே நகரத்தில் ஒரு விடுதியில் தங்கினோம். இடையில் மிஞ்சிய பொழுதுதான் தயாளன் கையில் அகப்பட்டது.

தயாளன் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தின் அருகே கைப்பேசிக் கடை வைத்திருப்பவன். நல்லவன்தான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் தனக்காகவே கட்டப்பட்டதாக எண்ணிக்கொள்வான்.

காலை உணவுக்குப் போன கடையில் புட்டும் கடலைக் கறியும் வைத்தார்கள். கூடவே கண்ணாடிக் குவளையில் இளஞ்சிவப்பாக வெந்நீர் ஒன்று வந்தது. முன்னால் குடித்தவரின் குவளையைக் கழுவாமல் நீர் ஊற்றிவிட்டார்கள் என்று எண்ணி நான் பரிமாறுபவரை அழைத்துக் கடிந்துகொண்டேன். அவர் சிரித்தபடி, அது ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சிய நீர், உடம்புக்கு நல்லது என்று கைச்சாடையில் விளக்கினார்.

"குடிங்க மாமா, ஃப்ரீ ஜூஸு," என்றான் தயாளன்.

தண்ணீரைத் தண்ணீரின் நிறத்தில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் கேட்டேன். கேட்டுவிட்டுக் குடித்தேன். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நண்பகலில் உண்ட சோற்றிலும் குற்றமில்லை. நெடுங்காலம் நெல் அரவை மில் நடத்தியவன் நான். அந்தப் பருத்த சிவப்பு அரிசியைத் தவிடு முழுவதும் போகாமல் அளவாகத் தீட்டியிருந்தார்கள். நம் ஊரில் அரிசியை வெள்ளைப் பல்லைப் போலத் தீட்டிக் கேட்பவர்களை ஒருமுறை இங்கே அழைத்து வந்து உட்கார வைக்க வேண்டும்.

உணவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் வந்தது. தயாளன் அமர்த்திய ஆட்டோக்காரர் எங்களைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தார். முன்காலத்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றிய இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டு, இப்போது துருவேறிய தூண்களாக நிற்கிறது. உடைந்துபோன ஒரு பாலத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள்! ஒவ்வொருவரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று தம்மைத் தாமே படம் எடுத்துக்கொண்டார்கள். பாலத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

"இதுக்கா ராத்திரி பூரா ரயில்ல குந்திக்கினு வந்தோம்?" என்று ராணி கேட்டாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளு, தூண மறைக்கிற," என்றான் அவள் தம்பி.

அடுத்து, கேட்காமலேயே ஒரு வாசனைப் பொருள் கடைமுன் ஆட்டோ நின்றது. ஏலக்காயும் மிளகும் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. ஓட்டுநருக்கு உள்ளே தேநீர் கொடுக்கப்பட்டதைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காஞ்சிபுரத்தில் கோயில் பார்க்க வருபவர்களைக் கார் ஓட்டுநர்கள் நேரே எந்தக் கடை வாசலில் கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்பது நான் அறியாததா? "எங்கள் ஊரில் இதை ஏலக்காய்க்குப் பதில் பட்டுப்புடவை வைத்துச் செய்வோம்," என்று ஓட்டுநரிடம் சொன்னேன். தமிழ் புரியாதவர்போல் தலையாட்டினார். ராணி மட்டும் நூறு கிராம் மிளகு வாங்கினாள். அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

பாதிப் புத்தரைப் பார்க்கப் போகும் வழியில் ஆட்டோவின் பின்சக்கரம் காற்றிழந்தது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. பலா மரத்தடியில் வியர்வையில் நனைந்தபடி நின்றோம். ஒருவழியாகக் கருமாடி என்னும் அந்த ஊரைச் சென்று சேர்ந்தபோது, கால்வாய்க் கரையில் ஒரு சிறு மண்டபத்துக்குள் கருங்கல் புத்தர் இடப்பாதி இல்லாமல் அமர்ந்திருந்தார். காஞ்சிபுரத்தில் புத்தருக்கு ஒருகாலத்தில் எத்தகைய பெருமை இருந்தது என்று நான் படித்திருந்தவற்றைத் தயாளனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

"பாதிதான் கீறாரு. மீதி எங்க மாமா?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் ஆட்டோவில் போய் ஏறிக்கொண்டான்.

அன்று என் கோபம் தணிந்தது ஓரிடத்தில் மட்டுமே. அம்பலப்புழைக் கோயிலில் மேற்சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வழிபட்டு, பால் பாயசம் வாங்கி, குளக்கரையில் மூவரும் ஒரே பாத்திரத்திலிருந்து குடித்தோம்.

புதன்கிழமை காலை தயாளன் அறிவித்தான்: "மாமா, இன்னிக்கு போட் ஹவுஸு. மத்தியானம் ஏறுறோம். சாப்பாடு உள்ளயே. வசந்தாக்கா வீடும் தண்ணி மேலதான கீது? போற வழியில அப்படியே தட்டோட எறங்கிக்கிறோம். எப்டி ஐடியா?"

படகிலேயே அவள் வீட்டுத் துறையில் இறங்கலாம் என்பது என் காதுக்கும் நன்றாகவே இருந்தது. படகுக்காரர்களிடம் தீர விசாரித்தாயா என்று கேட்டேன். "அதெல்லாம் பேசிட்டேன் மாமா," என்றான். நம்பினேன். தட்டுகளையும், ஐயம்பேட்டை வீட்டு மரத்தில் பறித்து மூட்டை கட்டி வந்த தேங்காய்களையும், பட்டுப்புடவைப் பெட்டியையும், காலையில் வாங்கிய பூவையும் படகில் ஏற்றினோம். தென்னை மரங்களுக்கு நடுவே தேங்காய் மூட்டையோடு நடந்த எங்களைக் கரையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறந்த வீட்டு மரத்துக் காய் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

படகு வீடு என்பது படுக்கையறையும் சமையலறையும் கொண்டு, மூங்கிலும் பாயும் வேய்ந்த பெரும் படகு. ஓட்டுநர் ஒருவர், சமையற்காரர் ஒருவர். சமையற்காரர் பெயர் ஷாஜி. சென்னையில் தேநீர்க் கடையில் வேலை பார்த்தவராகையால் தமிழ் பேசினார். கரிமீன் வறுத்துப் போட்டார். முள்ளை எடுத்து மாளவில்லை என்றாலும் சுவையாக இருந்தது.

வேம்பநாட்டுக் காயலுக்குள் படகு நுழைந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்று ஆறுகள் கூடுகின்ற திருமுக்கூடலில் கால் நனைக்கத் தண்ணீர் தேடி மணலில் நடப்பவர்கள் நாங்கள். இங்கேயோ தண்ணீர் மேலே நிற்கிறது; வரப்பைக் கட்டிக்கொண்டு வயல் கீழே கிடக்கிறது. நீர்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்திலிருந்து நீரை இறைத்து வெளியே தள்ளிவிட்டு நெல் விளைவிக்கிறார்கள். இதைப் பற்றி எவரேனும் எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். எங்களைக் கடந்து போன படகுகளில் பாட்டுச் சத்தம்தான் கேட்டது. ஒரு படகின் மேல்தளத்தில் இளைஞர்கள் ஆடினார்கள். வெற்றுப் பாட்டில் ஒன்று நீரில் விழுந்தது. எடுக்க எவரும் இல்லை.

காயலிலிருந்து ஓர் அகன்ற கால்வாய்க்குத் திரும்பினோம். இரு கரையிலும் வீடுகள். வீட்டுக்கு வீடு தண்ணீருக்குள் இறங்கும் கற்படிகள். அவற்றில் பெண்கள் துணி துவைத்தார்கள், மீன் ஆய்ந்தார்கள். ஒருத்தி தன் குழந்தையை நிறுத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் போன படகில் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசிய மலையாளத்தை ஷாஜி எனக்குத் தமிழில் சொன்னார்: "இடப்பக்கம் பாருங்கள், கிராமத்து மக்களின் வாழ்க்கை." அந்தப் படகிலிருந்தவர்கள் எல்லாரும் இடப்பக்கம் வந்து கைப்பேசியை உயர்த்தினார்கள். குழந்தையைக் குளிப்பாட்டியவள் நீரை மொண்டு ஊற்றுவதை நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படகு கடந்த பிறகே மீண்டும் திரும்பினாள்.

எனக்கு எங்கள் தெரு நினைவு வந்தது. தறி பார்ப்பதற்கென்று வெளிநாட்டவரை அழைத்து வருகிறவர்கள் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தால் கேட்காமல் உள்ளே நுழைவார்கள். ஒருமுறை அந்த வீட்டுப் பெண் உண்டுகொண்டிருந்தாள். படம் எடுப்பதைக் கண்டதும் சோற்றுத் தட்டை முந்தானையால் மூடினாள். என்ன சோறு என்பது அவளுடைய வீட்டுச் செய்தி. அதைப் பார்க்க எவனுக்கு என்ன உரிமை?

"ஏங்க, நம்ம வசந்தாவும் இப்டித்தான் குந்திக்கினு பாத்திரம் தேய்ப்பாளா? அவளையும் இவனுங்க படம் புடிப்பானுங்களா?" என்று ராணி கேட்டாள்.

ஒலிபெருக்கிக்காரரின் படகு கண்ணுக்கு மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் நானும் ராணியும் குளித்து, உடை மாற்றி, தட்டுகளை வரிசைப்படுத்தினோம். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பூ, கற்கண்டு, நடுவில் பட்டு. ஒற்றைப்படையாகத் தட்டுகள் அமைந்தன. எல்லாம் ஆயத்தமான பின் ஷாஜியிடம் வசந்தாவின் தீவைச் சொல்லி, எப்போது சேர்வோம் என்று கேட்டேன்.

"அங்கயா? அங்க நம்ம போட்டு போகாது சாரே. கால்வாய் சின்னது, பாலம் தாழ்வு," என்றார்.

"போகாதா?"

"போகாது. அஞ்சரைக்கு மேல எங்கயும் போகக் கூடாது. மீன்காரங்க வலை போடற நேரம். தோ, அந்த வரப்போரமாக் கட்டிருவோம். காலைல ஆலப்புழை."

ஓட்டுநர் ஏற்கெனவே படகைக் கரையோரமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். ஷாஜி கைநீட்டிக் காட்டினார். அகன்ற நீருக்கு அப்பால் தென்னைகளாகத் தெரிந்த கரைதான் வசந்தாவின் தீவு. கண்ணுக்குத் தெரிகிறது, கால் வைக்க வழியில்லை.

நான் தயாளனைப் பார்த்தேன்.

"மாமா, வழிதானன்னு நெனச்சேன். சொன்னா நிறுத்துவாங்கன்னு..."

"பேசிவிட்டேன் என்றாயே?"

"போட் புடிக்கறதப் பத்திப் பேசினேன் மாமா."

அதன் பிறகு நான் பேசியவற்றை எழுத்தில் தருவது முறையன்று. உடைந்த பாலம் தொடங்கி அன்றைய கரிமீன் வரை எதையும் விடவில்லை. ஒரு பெண் தன் கணவன் வீட்டார் முன் தலை நிமிர்வதற்கு ஒரு மாலைப் பொழுதைக் கேட்டாள், அதை நீ மூங்கில் நாற்காலியில் சாய்ந்து படம் எடுத்துத் தொலைத்தாய் என்று முடித்தேன். அடுத்த படகில் பாட்டை நிறுத்திவிட்டு எங்களைக் கவனித்தார்கள். தயாளன் தலை குனிந்து நின்றான். ராணி தன் பங்குக்கு, "கடையில ஃபோனுக்கு ஒட்டற கண்ணாடியப் பத்திக் கேளுங்க, நல்லாப் பேசுவான்," என்றாள்.

வசந்தாவுக்குத் தொலைபேசினேன். வேறு யாரோ எடுத்து, சமையல் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவே மலையாளத்தில் இரண்டு சொல் சொல்லி வைத்துவிட்டார்கள்.

என் நிலையைக் கண்டு ஷாஜிதான் கரையோரமாகப் போன ஒரு வள்ளத்தை, அதாவது சிறு தோணியை, கைதட்டி அழைத்தார். மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு திரும்பிய ஒரு பெண் அதைத் துழாவி வந்தாள். சசிதரன் வீடா, தெரியும், ஏறச் சொல் என்றாளாம். புல் கட்டின் மேல் பட்டுப்புடவைத் தட்டு. அதன் பக்கத்தில் நான். ராணி கண்ணை இறுக மூடிக்கொண்டு தேங்காய்த் தட்டைக் கட்டிப் பிடித்திருந்தாள். தயாளன் மீதித் தட்டுகளை மடியில் அடுக்கிக்கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாகப் படம் எடுக்காமல் வந்தான்.

தாழ்ந்த பாலத்தின் அடியில் குனிந்து நுழைந்து, கால்வாயில் திரும்பி, ஒரு வீட்டின் கற்படியில் அந்தப் பெண் எங்களை இறக்கிவிட்டாள். படியில் கழுவிய பாத்திரங்கள் கவிழ்த்திருந்தன. பக்கத்தில் துணி துவைக்கும் கல். மேலே பந்தல், உள்ளே கூட்டத்தின் பேச்சொலி. மேளம் இல்லை, ஆரத்தி இல்லை, வசந்தாவும் இல்லை. புழக்கடையில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள் என்பதை உணர்ந்து நான் திரும்பிப் பார்ப்பதற்குள் வள்ளம் வளைவில் மறைந்துவிட்டது.

ஓசை கேட்டு ஓர் அம்மையார் படியின் தலைப்பில் வந்து நின்றார். வசந்தாவின் திருமணத்தன்று பார்த்த முகம். சசிதரனின் அக்காள். அவர் சொன்ன மலையாளம் எனக்கே புரிந்தது: "வாருங்கள், ஏறி வாருங்கள்."

நான் கைகூப்ப இயலாமல் தட்டோடு தலைவணங்கி, "வசந்தா வரட்டும்," என்றேன்.

"ஏறி வாருங்கள்," என்றார் மறுபடியும்.

"இந்த வழியாக வரமாட்டேன்," என்றேன்.

அது மட்டும் அவருக்குப் புரிந்துவிட்டது போலும். முகம் சுருங்க உள்ளே போய்விட்டார். பிறந்த வீட்டுக்காரன் வாசல்வரை வந்து ஏற மறுக்கிறான் என்ற செய்தி பந்தலுக்குள் பரவியதை, பேச்சொலி திடீரென்று அடங்கியதிலிருந்து அறிந்தேன்.

"ஏங்க, பொழக்கடையோ எதுவோ, ஏறிடலாங்க," என்றாள் ராணி.

"ஏற முடியாது."

அப்போதுதான் அந்தச் சிறு கால்வாயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய சிறு படகு ஒன்று வந்தது. பெரிய படகு நுழையாத இடத்திலும் நுழைந்து காட்டுவதற்கென்றே அத்தகைய படகுகள் இருக்கின்றன. அதிலிருந்தவர்கள் கைகளை வரிசையாக உயர்த்தினார்கள். "கல்யாணச் சடங்கு, கல்யாணச் சடங்கு!" என்று நம் தமிழிலேயே ஒருவர் கூவினார். "பெரியவரே, தட்டை இன்னும் கொஞ்சம் தூக்குங்க!"

நான் தூக்கவில்லை. வாயைத் திறந்தேன்.

"எந்த ஊர்டா நீ? உன் வீட்டுப் படியில வந்து நின்னு உன் பொண்டாட்டி பாத்திரம் தேய்க்கறத நான் படம் புடிக்கட்டுமா? எறங்கி வாடா, தட்டு தூக்கினு நில்லு, உன்னப் படம் புடிக்கறேன்!"

எழுத்துத் தமிழைப் பழகியவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அது அந்தப் படியில் என்னைவிட்டுப் போய்விட்டது. படகு விரைந்து அகன்றது. அதன் அலை வந்து என் வேட்டியை முழங்கால்வரை நனைத்தது.

அடுத்த நொடியில் கரையோர வரப்பின்மேல் நாதஸ்வரம் பீறிட்டுக் கேட்டது. ஊதுபவர் ஓடிக்கொண்டே ஊதியதால் சுருதி எங்கெங்கோ சென்றது. அவருக்கு முன்னால், ஒரு கையில் ஆரத்தித் தட்டும் மறு கையில் பிடித்துத் தூக்கிய புடவையுமாக வசந்தா வந்தாள். எங்கள் வழக்கத்தை மறவாமல், தீவின் மறுபுறத்தில் பயணிகள் படகு நிற்கும் துறைக்கு மேளத்தோடு போய், ஒவ்வொரு படகாகப் பார்த்துக் காத்திருந்திருக்கிறாள். புல்லுக்காரப் பெண் அவ்வழியே போய், படகு வீட்டிலிருந்து எங்களை ஏற்றி வந்ததைச் சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது; நான் ஏற மறுத்த செய்தியும் வழியிலேயே அவளுக்கு எட்டிவிட்டது. அவள் பின்னால் மணப்பெண்ணும் சசிதரனும் இன்னும் பலரும் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள்.

படியின் தலைப்பில் வந்து நின்றாள். கற்பூரத்தை ஏற்றினாள். காற்றில் அணைந்தது.

"வர்ற நேரம் எது? எப்ப வந்துக்கினு இருக்கற?" என்று தொடங்கினாள். "நாலு மணில இருந்து அங்க நிக்கறேன். படகுல வர்றேன்னா எந்தப் படகுல வர்றன்னு சொல்ல மாட்டியா?"

"போன் எடுக்க மாட்டியா நீ? இங்கே புழக்கடையில் கொண்டுவந்து..."

"எது பொழக்கடை? எதுணா பொழக்கடை? இதான் வாசப்படி! இந்த ஊர்ல வாசல் தண்ணியப் பாத்துதான் இருக்கும். கலெக்டர் வந்தாலும் இதுலதான் எறங்குவாரு. நாத்தனார் வந்து கூப்பிட்டதுக்கு இந்த வழி வரமாட்டேன்னியாம்?"

"படியில் பாத்திரம் கிடந்ததே," என்றேன்.

"பாத்திரம் தண்ணி இருக்கற எடத்துலதான் கழுவுவாங்க! உங்க ஊர்ல பாலாத்துல தண்ணி இல்ல, நீ கொழாய்ல கழுவற. அண்ணி, நீங்களாவது சொல்லக் கூடாதா? ஏய் தயாளா, நீதான போட் ஹவுஸு? எனக்கு எல்லாம் தெரியும். ஊர் பாக்க வந்தியா, என்னப் பாக்க வந்தியாண்ணா நீ?"

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்! உனக்காகத்தானே இந்த நாயோடு இரண்டு நாள் அலைந்தேன்!" என்று நானும் குரலை உயர்த்தினேன்.

அவள் மீண்டும் கற்பூரத்தை ஏற்ற, அது மீண்டும் அணைந்தது. அணைந்ததற்கும் என்னையே திட்டினாள். பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் பாக்கியின்றி வெளியே வந்து, படியின் இரு மருங்கிலும் நெருக்கியடித்து நின்றார்கள். ஐயம்பேட்டைத் தமிழ் அவர்களில் எவருக்கும் ஒரு சொல்லும் புரிந்திராது. ஆயினும் எல்லாரும் எங்கள் வாயையே பார்த்தார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து சசிதரனின் அக்காள் மணப்பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள், "அம்மா மாமனைத் திட்டுகிறாள்," என்று மலையாளத்தில் சொன்னாள்.

அந்த அம்மையார் சற்று நேரம் என்னையும் வசந்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு படி இறங்கி வந்து, வசந்தா மூன்றாம் முறை ஏற்றிய கற்பூரத்துக்குத் தம் இரு கைகளையும் அணையாக வைத்துக் காற்றை மறைத்தார்.

சுடர் நின்றது. வசந்தா ஆரத்தியைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, நிச்சயதார்த்தத்துக்கு வராததில் தொடங்கி, கண் அறுவைக்குப் பின் கண்ணாடி போடாமல் திரிவது வரைக்கும் வரிசையாக எடுத்து, கால்வாயின் அக்கரைக்கும் கேட்கும்படி வைதாள். தட்டை அவள் இன்னும் வாங்கவில்லை. அது கையில் கனத்தது. தயாளன் மெதுவாக என் காதருகே, "மாமா, வாங்கிக்கச் சொல்லுங்க," என்றான்.

"சும்மா இரு," என்றேன். "அவள் பேசி முடிக்கட்டும். அவர்கள் சனம் மொத்தமும் கேட்கிறது."